சாஸ்திரி ராஜினாமா செய்தார், சரி. அந்தக் குடும்பங்களுக்கு வக்கீல் யார்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடமான கேள்வி இது. ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகிய மத்திய அமைச்சர் யார்? லால் பகதூர் சாஸ்திரி. எந்த விபத்து? அரியலூர். எந்த ஆண்டு? 1956. விடையை டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு பெருமை வேறு. "எங்க ஊரு விபத்துக்காகத்தான்யா ஒரு மந்திரி பதவியையே விட்டாரு" என்று டீக்கடையில் சொல்வார்கள். எந்த ஊரில் எந்த ரயில் கவிழ்ந்தாலும் "அன்னைக்கு சாஸ்திரி எப்படி நடந்துக்கிட்டாரு பாருங்க" என்று தலையங்கம் எழுதுவார்கள். நானும் மதிக்கிறேன். சந்தேகமே இல்லை, பெரிய மனுஷன்.

ஆனால் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அதை எந்தக் கைடிலும் போடுவதில்லை.

1956 நவம்பர் 23, விடிவதற்கு முன். சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வருகிறது. ஆற்றில் வெள்ளம். பாலம் தாங்கவில்லை. இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள். 140க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் விபத்துக்குப் பிறகே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்.

அமைச்சர் பதவியை விட்டார். சரி, செத்தவர்கள் வீட்டுக்குச் சட்டப்படி என்ன உரிமை இருந்தது? அன்றைக்கு நடப்பில் இருந்தது 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். அதில் 1943ல் நுழைத்த 82ஏ பிரிவு சொன்னது இதுதான்: ரயில் விபத்தில் ஒருவர் இறந்தால் ரயில்வே கொடுக்க வேண்டிய இழப்பீடு எந்தக் காரணம் கொண்டும் 10,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 10,000 என்பது அதிகபட்சம் என்பதைக் கவனியுங்கள். அதற்குள் எவ்வளவு என்பதைக் கேட்டு, காட்டி, வாங்க வேண்டும்.

ஒரு பக்கம் நாடே கைதட்டிய தார்மீகப் பொறுப்பு. மறுபக்கம் உச்சவரம்பு கட்டிய சட்டப் பொறுப்பு. நாம் எழுபது வருடமாக முதலாவதை மட்டும் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் இப்போது ஏன் இழுக்கிறேன் என்றால், இன்றைக்கு எங்கள் மாவட்டங்களின் ஆபத்து தண்டவாளத்தில் மட்டும் இல்லை. பெரம்பலூர் டவுனுக்கு இன்னும் ரயிலே கிடையாது, ஆனால் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது! லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் போய்ப் பாருங்கள். துபாய், சவூதி, குவைத், சிங்கப்பூர் என்று வீட்டுக்கு ஒருவர் வெளியே இருப்பார். ஜெயங்கொண்டம், செந்துறை பக்கமும் இதே கதைதான். எல்லோருக்கும் வாசல் திருச்சி ஏர்போர்ட்.

அந்தத் திருச்சியில் 2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டி துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு மேலே ஏறியது. உள்ளே 136 பேர். அடிவயிறு கிழிந்த விமானத்தை மும்பையில் இறக்கினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் 141 பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்தது. அன்றும் பத்திரமாக இறங்கியது. நாம் வாட்ஸ்அப்பில் விமானிக்குச் சல்யூட் வைத்துவிட்டுத் தூங்கப் போனோம்.

இறங்காமல் போயிருந்தால்? பயமுறுத்துவதற்காகக் கேட்கவில்லை. அடுத்த வாரம் லெப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டு வாசலில் கம்பெனி ஆட்கள் ஃபாரத்தோடு வந்து நின்றால் அந்த வீட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள்? இதுதான் என் கேள்வி.

விமானம் விழுந்த அன்றைக்கே விமானக் கம்பெனிக்கு வக்கீல் உண்டு. அதன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வக்கீல் உண்டு. விமானம் செய்த கம்பெனிக்கு வக்கீல் படையே உண்டு. செத்தவன் வீட்டுக்கு மட்டும்தான் கிடையாது. அங்கே மாமா, மச்சான், வார்டு கவுன்சிலர், ஜமாத் அல்லது ஊர்ப் பெரியவர் இருப்பார்கள். நல்லவர்கள்தான். ஆனால் மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியுமா?

தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. சர்வதேச விமானப் பயணத்தில் பயணி இறந்தால் இழப்பீட்டைத் தீர்மானிப்பது 1999ல் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா 2009ல் அதில் சேர்ந்தது. அதன்படி பொறுப்பு இரண்டு அடுக்காக வருகிறது. முதல் அடுக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். வரை (2024 டிசம்பர் 28 முதல் இந்தத் தொகை). எஸ்.டி.ஆர். என்பது ஐ.எம்.எஃப். வைத்திருக்கும் ஒரு கணக்கு அலகு. நம்ம பணத்தில் மொத்தம் சுமார் 1.8 கோடி வரும். இந்த எல்லைக்குள் "எங்க மேல தப்பு இல்ல" என்று விமானக் கம்பெனி வாதாடவே முடியாது. இரண்டாவது அடுக்கு அதற்கு மேல். அங்கே உச்சவரம்பே கிடையாது, ஆனால் தன் மேல் தப்பில்லை என்று கம்பெனி நிரூபித்தால் தப்பித்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்டவுடன் "அப்போ 1.8 கோடி உறுதி" என்று நினைப்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். செத்தவர்களில் நிறைய பேர் காசர்கோடு, தட்சிண கன்னட மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள், நம்ம ஊர் ஆட்கள் மாதிரி. ஏர் இந்தியா சார்பில் மும்பையின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்று குடும்பங்களைக் கூப்பிட்டுப் பேசியது. முதல் அடுக்கு அன்றைக்கு ஒரு லட்சம் எஸ்.டி.ஆர்., சுமார் 75 லட்சம் ரூபாய். அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை என்று ஒரு குடும்பம் கேரள உயர்நீதிமன்றம் போனது. 2011 ஜூலையில் தனி நீதிபதி ஆமாம் என்றார். அதே ஆகஸ்டில் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. முதல் அடுக்கில் தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை, ஆனால் நஷ்டத்தை நிரூபித்தாக வேண்டும் என்பது அதன் நிலை.

அதாவது அந்தத் தொகை கூரையும் இல்லை, தரையும் இல்லை. உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று நீங்கள்தான் காகிதத்தோடு காட்ட வேண்டும். காட்டத் தெரியாதவனுக்குக் குறையும். ஆக, ஒப்பந்தத்திலேயே வக்கீலுக்கு வேலை இருக்கிறது!

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன் (பி.காம். படித்த பாவம்). வாகன விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் வகுத்துக் கொடுத்த வழிமுறை ஒன்று இருக்கிறது. ஒரு கற்பனை ஆளுக்கு அதைப் பொருத்துவோம். வயது 32. மாதச் சம்பளம் 40,000. வீட்டில் மனைவி, ஒரு குழந்தை, அம்மா. வருடத்துக்கு 4,80,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 6,72,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 4,48,000. 32 வயதுக்குப் பெருக்கு எண் 16. ஆக 71,68,000 ரூபாய்.

இப்போது அதே ஆளின் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 25,000 என்று மட்டும் போட்டிருக்கிறது, மீதி ஓவர்டைமும் அலவன்ஸும் என்று வையுங்கள். ஊருக்கு அனுப்பிய பணத்தில் பாதி உண்டியலில் வந்தது, அதற்கு ரசீது கிடையாது. கம்பெனி வக்கீல் 25,000ஐ வைத்துத்தான் கணக்குப் போடுவார். விடை 44,80,000. செத்தது அதே ஆள், சம்பாதித்தது அதே சம்பாத்தியம். வித்தியாசம் 26,88,000 ரூபாய்! அந்த ஓவர்டைம் ஸ்லிப்பை துபாய் கேம்ப்பிலிருந்து யார் வாங்கி வருவது? அறைத் தோழனிடம் யார் வாக்குமூலம் எழுதி வாங்குவது? இத்தா இருக்கிற மனைவியா? காரியம் முடியாத வீட்டில் அழுதுகொண்டிருக்கும் அம்மாவா?

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தை மறந்திருக்க மாட்டீர்கள். விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் போனார்கள், தரையில் 19 பேர் போனார்கள். டாடா தலைக்கு 1 கோடி அறிவித்தது. ஏர் இந்தியா இடைக்கால உதவியாக 25 லட்சம் அறிவித்தது. சில வாரங்களில், அந்த இடைக்காலப் பணத்துக்காகக் குடும்பங்களிடம் கொடுத்த படிவத்தில் 'இறந்தவரை நம்பிப் பொருளாதார ரீதியாக வாழ்ந்தீர்களா' என்கிற மாதிரிக் கேள்விகள் இருப்பதாகவும், பதில்கள் பின்னால் குடும்பங்களுக்கு எதிராகவே திரும்பலாம் என்றும் பிரிட்டன் சட்ட நிறுவனம் ஒன்று குற்றம் சாட்டியது. உறவை உறுதி செய்து பணத்தைச் சரியான ஆளிடம் சேர்க்கத்தான் அந்தப் படிவம் என்று ஏர் இந்தியா மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வக்கீல் படித்துப் பார்த்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காதே, அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். இடைக்காலப் பணம் தானம் இல்லை. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 28ஆவது பிரிவிலேயே முன்பணத்துக்கு ஏற்பாடு இருக்கிறது. அதைக் கடைசி இழப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. நம்ம டிவியில் மட்டும் அது 'கருணை' ஆகிவிடுகிறது.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவைப் பாருங்கள். 2018 அக்டோபர் 29ல் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அந்நாட்டுச் சட்டப்படியே குடும்பத்துக்குச் சேர வேண்டிய 1.3 பில்லியன் ரூபியாவை (சுமார் 90,000 டாலர்) வாங்க வந்தவர்களிடம் ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் போயிங் மீதுகூட வழக்குப் போட மாட்டேன் என்று அர்த்தம். பலர் போட்டார்கள். அந்த விமானத்தின் வடிவமைப்பிலேயே கோளாறு என்று உலகத்துக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 14, சுதந்திரமான சம்மதம். முதல் வருடம் மெர்க்கன்டைல் லாவில் நாம் எல்லோரும் எழுதிய பதில்தான் இது. பிணம் இன்னும் வந்து சேராத வீட்டில், ஒரு பக்கம் வக்கீல் படை, மறுபக்கம் ப்ளஸ் டூ கூடத் தாண்டாத ஒரு பெண். இதில் எங்கே இருக்கிறது சுதந்திரமான சம்மதம்?

விமானம் வரைக்கும் போக வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரர் பைக்கில் போகும்போது சிமெண்ட் லாரி மோதி இறந்துபோனார். போஸ்ட்மார்ட்டம் முடிவதற்குள்ளேயே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆள் வந்துவிட்டார். "கேஸை நாங்க பாத்துக்கறோம்மா, பைசா செலவில்ல" என்று வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கேஸ் ஜெயித்தது. எவ்வளவு தொகைக்கு ஜெயித்தது, எவ்வளவு யார் எடுத்துக்கொண்டார்கள் என்று அந்த அக்காவுக்கு இன்றுவரை யாரும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் காட்டவில்லை.

"அதைத்தான்டா நாங்களும் சொல்றோம், வக்கீல் வந்தாலே கொள்ளைதான்" என்பீர்கள். பாட்னா ரயில்வே தீர்ப்பாயத்தில் விபத்துக் குடும்பங்களுக்கு வந்த இழப்பீட்டின் பெரும் பகுதியை வக்கீல்களே சுருட்டியதாக சிபிஐ வழக்கு இருக்கிறது, 2025 ஜனவரியில் அமலாக்கத்துறை சோதனையும் நடத்தியது. வெளிநாட்டு வக்கீல்கள் பெட்டியோடு வந்து இறங்குவதையும் பார்க்கிறோம். எல்லாம் சரி. ஆனால் போலி டாக்டர் இருக்கிறான் என்பதற்காக ஆஸ்பத்திரியை மூடச் சொல்வோமா?

நம்ம ஊரில் விதி எப்படி இருக்கிறது பாருங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று வக்கீல் ஃபீஸ் பேசக் கூடாது, ஆளைத் தேடிப் போய்க் கேஸ் பிடிக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. அமெரிக்காவில் சதவீதம் பேசலாம், எழுத்தில் பேசுவார்கள். ஆனால் விமான விபத்து நடந்து 45 நாள் வரைக்கும் எந்த வக்கீலும், வழக்கில் எதிர்த்தரப்பாக வரக்கூடிய எவரும், வழக்கு விஷயமாகத் தானாகக் குடும்பத்தை அணுகக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். நம்மிடம் தடை காகிதத்தில், சதவீதம் வாய்மொழியில். ஒழுங்கான வக்கீல் ஒதுங்கி நிற்கிறார், புரோக்கர் உள்ளே வருகிறார்.

அடுத்த வாதம்: "கேஸ் போட்டா பத்து வருஷம் ஆகும், கொடுக்கறத வாங்கிக்க வேண்டியதுதானே?" மங்களூர் விபத்தில் இறந்த ஒருவர், துபாய் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் குடும்பம் நுகர்வோர் ஆணையம் வழியாகப் போராடி 2020 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் சுமார் 7.64 கோடி வாங்கியது. ஆமாம், பத்து வருடம் ஆனது. பத்து வருடம் தாங்க அவர்களால் முடிந்தது. அதே விமானத்தில் வந்த கூலித் தொழிலாளியின் வீட்டால் பத்து மாதம் தாங்க முடியுமா? இதனால்தான் சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சமரசம் பேசுங்கள். மேஜையின் இரண்டு பக்கமும் வக்கீல் உட்கார்ந்து பேசட்டும்.

கடைசி வாதம்தான் எனக்கு மகா எரிச்சல். "பிணத்தை வச்சுக் காசு கேக்குறாங்க பாரு." இதைச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட இன்சூரன்ஸ் கம்பெனியைப் பார்த்து "பிணத்தை வச்சுக் காசு மிச்சம் பிடிக்கிறான்" என்று சொன்னதில்லை! உயிருக்கு விலை கிடையாதுதான். ஆனால் அந்த உயிர் கட்டிக்கொண்டிருந்த ஸ்கூல் ஃபீஸுக்கு விலை உண்டு, அடகுக்கடை வட்டிக்கு விலை உண்டு, அம்மாவின் சுகர் மாத்திரைக்கு விலை உண்டு.

சரி, என்னதான் செய்யணும் என்கிறாய்? சொல்கிறேன்.

முதலில், இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்தச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவைப் படியுங்கள். இலவச வக்கீல் யாருக்கு என்ற பட்டியலில் பெண்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், பேரழிவில் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உதவி எண் 15100. பக்கத்து வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். விபத்து நடந்த அன்றைக்கு மந்திரி வருகிறார், கலெக்டர் வருகிறார், மாலையோடு எம்.எல்.ஏ. வருகிறார். ஆணைக்குழு வக்கீலும் ஏன் அதே நாளில் வரக் கூடாது? குடும்பம் தேடிக்கொண்டு கோர்ட் வளாகத்துக்குப் போக வேண்டும் என்பது என்ன நியாயம்?

இரண்டாவது, குடும்பத்தின் சொந்த வக்கீல் படித்து விளக்கினார் என்று கையெழுத்து இல்லாத எந்த முழுத் தீர்வுப் பத்திரமும் செல்லாது என்று சட்டம் வர வேண்டும். அந்த வக்கீல் செலவை விமானக் கம்பெனியிடமே வசூலிக்கட்டும். ஒரு டிக்கெட்டில் எத்தனையோ கட்டணம் பிடிக்கிறார்கள், இதற்கு என்ன கேடு?

மூன்றாவது, வக்கீல் ஃபீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், இழப்பீடு குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், அதன் நகல் ஆணைக்குழுவில் இருக்க வேண்டும். எங்கள் தெரு அக்காவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

கூடவே சில தகவல்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி வழக்குப் போட இரண்டே வருடம், அதற்குப் பிறகு உரிமையே செத்துவிடும். ரயில் விபத்து என்றால் தீர்ப்பாயத்துக்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், நமக்கு அது சென்னையில் இருக்கிறது. 2017 முதல் ரயிலில் இறப்புக்கு 8 லட்சம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எந்த ஆணையம் என்பதற்குக் கணக்கு நீங்கள் கொடுத்த டிக்கெட் காசுதான், கேட்கும் இழப்பீடு இல்லை. ஆக ஒரு பெரிய விமானக் கம்பெனியை அரியலூருக்கே வரவழைத்துப் பதில் சொல்ல வைக்க முடியும். இதைப் பெருமையாகப் பேசுங்கப்பா டீக்கடையில்!

இதைப் படிக்கிற வகுப்பு நண்பர்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ அண்ணனோ வெளிநாட்டில். ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அவர்களுடைய வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஓவர்டைம் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, டிக்கெட், எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் இருக்கிறதா என்று இன்று ராத்திரி போனில் கேளுங்கள். அபசகுனம் என்று திட்டுவார்கள். திட்டட்டும், வாங்கி வையுங்கள்.

மருதையாற்றுக்காக ஒரு அமைச்சர் நாற்காலியை விட்டது சரித்திரம். அடுத்த முறை நமக்கு யாரும் நாற்காலியை விட வேண்டாம். குடும்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் ஒரு வக்கீலை உட்கார வையுங்கள். போதும்.